குன்மிங் ஓடுபாதையும் மதுரை மல்லியும்

எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். மறைத்துப் பழக்கமில்லை. எதிர்க்கடையில் என் கடையைவிட இரண்டு பேர் கூடுதலாக நின்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எங்கள் பூ வியாபாரிகள் சங்க மலருக்கு லண்டன் பயணத்தைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டபோதே சொல்லிவிட்டேன். பாலம், மணிக்கூண்டு, அரண்மனை எதுவும் எழுத மாட்டேன், அதற்கெல்லாம் படம் போட்ட அட்டை விற்கிறது. என் வயிறு எங்கெங்கே எரிந்ததோ அதைத்தான் எழுதுவேன் என்றேன். சரி என்றார்கள். எழுதுகிறேன்.

மதுரைப் பூ மார்க்கெட்டில் எனக்கு மல்லிக் கடை. சீசனில் மல்லி கொட்டோ கொட்டென்று கொட்டும். விலை தரையைத் தொடும். கூடையோடு வந்த விவசாயி என் தராசைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் வெளிநாட்டு ஆர்டர் ஒன்றைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். பிடித்துக்கொண்டுதான் திரும்புவேன் என்று விவசாயிகளிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பார்கள். அது தெருவில் இருக்கும் கடைக்கு. கடல் தாண்டிப் பூ விற்க வேண்டுமென்றால் ஆளே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

லண்டனில் அப்டன் பார்க்கில் கடை வைத்திருக்கும் குகன் தம்பிதான் என்னை வரச் சொன்னவர். யாழ்ப்பாணத்துக்காரர். காய்கறி, பூசைச் சாமான், பூ எல்லாம் விற்கிறார். கல்யாணம், சடங்கு என்றால் மணவறை ஜோடனையும் அவரே. பிளேஸ்டோவில் அவர் வீட்டு மாடியில் எனக்கு அறை. போய் இறங்கின அன்றைக்கே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

“அக்கா, ஒளிக்காமல் சொல்லுறன். நானும் எத்தினை பேரிட்டை மல்லிகை எடுத்துப் பாத்திட்டன். பெட்டியைத் திறந்தா அவிச்ச கீரை மாதிரிக் கிடக்கும். வாற ஞாயிறு ஒரு கலியாணம். ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம். பொம்பிளையின்ர தலைக்கு உங்கட பூ மொட்டா வந்து சேரட்டும். வந்தா, கிழமைக்குக் கிழமை நான் எடுக்கிறன்.”

“மொட்டா வரும் தம்பி, வாராவாரம் வரும். என் தம்பி பாண்டி அங்க இருக்கான். கவலையே படாதீங்க” என்றேன். வாய்க்கு என்ன, எதையும் சொல்லும்.

அவர் மனைவி ராஜி இடியப்பமும் சொதியும் வைத்தாள். அந்தச் சொதியைக் குடித்ததும் முதல் பொறாமை. நாங்கள் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுத் தின்றுவிட்டு இதற்குமேல் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டோம். “என்னம்மா போடுற இதுல?” என்று கேட்டேன். “ஒண்டும் இல்லை அக்கா, சும்மா பாலும் பச்சை மிளகாயும்” என்றாள். நன்றாகச் சமைக்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் பொய் அது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பெண்மணி மாடியிலிருந்து இறங்கி வந்தார். என் வயது இருக்கும். கட்டை முடி, இரும்புக் கம்பி மாதிரி நிமிர்ந்த முதுகு. பெயர் யாங். சீனாவில் குன்மிங் என்கிற ஊர். மாலைக்கும் மணவறைக்கும் ரோஜாவும் கார்னேஷனும் விற்க வந்தவர். எனக்கு அடுத்த அறை. அதே ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அவருக்கும் பரீட்சை. மணவறைக்குச் சீனாப் பூ, மணப்பெண் தலைக்கு மதுரைப் பூ என்று குகன் தம்பி பிரித்து வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அதனால் சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகப் பேசினோம். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘மதுரை’.

ஊர்ப் பெருமையைக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தலையில் வைத்துக்கொண்டு வந்த சரத்தில் மிச்சம் ஒரு முழம் வாழையிலையில் மடித்து வைத்திருந்தேன். வாடித்தான் இருந்தது, ஆனாலும் மல்லி மல்லிதான். அதை எடுத்து யாங் அம்மாவின் கட்டை முடியில் ஊசி குத்தி வைத்துவிட்டேன். அவர் கையால் தடவி மோந்து பார்த்தார்.

“தேயிலைப் பூ! எங்கள் மாகாணத்தில் மலையடிவாரத்தில் இது விளைகிறது. தேயிலையோடு சேர்த்து வைத்து வாசம் ஏற்றுவோம். தலையில் வைப்பீர்கள் என்று தெரியாது.”

மல்லியைக் கொண்டுபோய் டீத்தூளில் போடுகிறார்களாம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாவம், பூவின் அருமை தெரியாத ஜனம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் தனியாக ஊர் சுற்றக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறினேன். ஒரு கிழவி ஏறி, இடம் பார்த்து, பையை மடியில் வைத்து உட்காரும்வரை டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு கால் படியில் இருக்கும்போதே கண்டக்டர் விசில் ஊதிவிடுவார், இன்னொரு கால் நம் பொறுப்பு. பின்னால் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், “என்ன வெயில் இது, உயிர் போகிறது” என்று விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தேன். இந்த வெயிலில் ஒரு கூடை மல்லியை வைத்தால் சாயங்காலம்வரை மொட்டு மொட்டாகவே இருக்கும். வெயில்கூட இவர்களுக்குக் குளிர்பதனப் பெட்டி மாதிரி அமைந்திருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள். இப்படி வயிறெரிந்துகொண்டே இருந்ததில் எதிர்த்திசையில் போகிற பஸ் என்பதைக் கவனிக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுந்து வந்து, “அம்மா, இதற்குமேல் போக ரோடு இல்லை” என்றார். அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை.

“நீ அரண்மனை பார்த்தாயா?” என்று யாங் அம்மா கேட்டார். பஸ் டிப்போ பார்த்தேன் என்றேன். “நாளைக்கு என்னோடு வா. நல்ல இடம் காட்டுகிறேன்.”

அவர் காட்டின நல்ல இடம் ஒரு விமான நிலையம். பிளேஸ்டோவிலிருந்து கிட்டத்தில், பழைய கப்பல் துறைக்கு நடுவில், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்க ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். இக்கரையில் பெஞ்சு இருந்தது. ரொட்டிக்குள் மீனும் உருளைக்கிழங்கும் வைத்து ராஜி பொரித்துக் கொடுத்த ரோல்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஊர் சுற்ற வந்த பெண்பிள்ளை விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்கிறாளே என்று எனக்கு வியப்பு. பிறகுதான் தெரிந்தது, பூ வியாபாரத்துக்கு வருமுன் குன்மிங் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில்தான் அவருக்கு வேலை. எந்த விமானத்தின் வயிற்றில் எதை ஏற்றுவது என்று முடிவு செய்கிற வேலை.

“எங்கள் விமான நிலையம் பழசு” என்று ஆரம்பித்தார். “என் மாமனார் பிறப்பதற்கு முன்னாலேயே இருந்தது. மாகாணத்தை ஆண்ட தளபதி ஒருவர் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் வைத்தார். அதற்காக வயலை மேடாக்கி ஒரு மண் தரை. அவ்வளவுதான்.”

அப்புறம் ஜப்பானோடு சண்டை வந்திருக்கிறது. கடல் வழி அடைபட்டது, ரோடும் அடைபட்டது. பெட்ரோலும் மருந்தும் குண்டும் வானத்தில்தான் வந்து இறங்க வேண்டிய நிலைமை. இமயமலைக்கு மேலே பறந்து வந்ததாம் அந்த விமானமெல்லாம். எங்கிருந்து என்று கேட்டேன். அஸ்ஸாமிலிருந்து என்றார்.

“அஸ்ஸாமா? அது எங்க ஊருங்க!” என்று பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன். அஸ்ஸாமுக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் எனக்கும் தெரியும். இருந்தாலும் எங்கேயாவது ஒரு பங்கு கேட்டு வைக்க வேண்டாமா?

“ஆமாம், உங்கள் ஊரிலிருந்துதான்” என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். “அவ்வளவு விமானம் இறங்க மண் தரை தாங்குமா? ஊர் ஜனம் கல் உடைத்துப் போட்டது. அதை அமுக்க ஆளைவிட உயரமான கல் உருளை. கயிறு கட்டி ஆணும் பெண்ணும் இழுத்தார்கள். சரிவில் உருளை வேகம் பிடித்தால் நிறுத்த முடியாது. விலகத் தெரியாதவர்கள் எழுந்திருக்கவில்லை. என் மாமனார் அந்தக் கயிற்றைப் பிடித்தவர். கடைசிவரை விமானச் சத்தம் கேட்டால், அது என் ரோட்டில் இறங்குகிறது என்பார்.”

நாங்களும் ஊர் கூடிக் கயிறு இழுக்கிறவர்கள்தான். தேர் இழுக்கிறோம். நாலு வீதியும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். இதை நான் யாங் அம்மாவிடம் சொல்லவில்லை. மீனாட்சி மன்னிக்கட்டும், மனதுக்குள் வந்துவிட்டது.

போன நூற்றாண்டின் கடைசியில் குன்மிங்கில் பெரிய தோட்டக்கலைக் கண்காட்சி ஒன்று நடந்ததாம். அதற்காக விமான நிலையத்தை விரித்துக் கட்டினார்கள். வருஷம் பூராவும் வசந்த காலம் மாதிரி இருக்கிற ஊர் என்பதால் சுற்றுலாக்காரர்கள் குவிந்தார்கள். ஆள் வந்தால் விமானம் வரும். விமானம் வந்தால் அதன் வயிறு காலியாகத் திரும்பக் கூடாது. அந்த வயிற்றில்தான் பூ போகிறது. சாயங்காலம் ஏலக்கூடத்தில் ஒரு பெரிய முள் மேல் விலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வருமாம். வேண்டிய விலையில் பொத்தானை அமுக்கினவருக்குச் சரக்கு. கத்தல் இல்லை, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது இல்லை. அங்கிருந்து குளிர் வண்டி, குளிர் அறை, நேரே விமானம். பொழுது விடியும்போது பூ ஆயிரம் மைல் தள்ளி இருக்கும். காளான் சீசனில் காட்டுக் காளான் காலையில் பறித்தது மறுநாள் ஜப்பான்காரன் தட்டில் இருக்கும்.

“பழப் பெட்டியும் பூப் பெட்டியும் வந்தால் என்ன செய்வாய்?” என்று எனக்கே பரீட்சை வைத்தார்.

“ஒண்ணா ஏத்துவோம். எங்க ஊர் வேன்ல மாம்பழம், பூ, சில நேரம் ஆட்டுக்குட்டிகூட ஒண்ணாத்தான் போகும்.”

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “பழுக்கிற பழத்தின் மூச்சுப் பட்டால் பூ சீக்கிரம் கிழண்டு போகும். ஒன்று முன் வயிறு, ஒன்று பின் வயிறு. இல்லாவிட்டால் ஒன்று அடுத்த விமானம்.”

அடுத்த விமானமாம்! அடுத்ததும், அதற்கு அடுத்ததும் இருக்கிறதாம். ஒரே ஓடுபாதைதான். ஊர் உயரத்தில் இருப்பதால் காற்று லேசு, எழும்ப நீளமாக ஓட வேண்டும். விமானங்கள் ரேஷன் கடை மாதிரி வரிசை கட்டி நிற்குமாம். ஊர் வளர்ந்து மாடிவீடுகள் வேலிவரை வந்துவிட்டன. இடம் போதவில்லை என்று ஊருக்கு வெளியே, மலைப்பக்கம், புதிதாக இன்னும் பெரிதாகக் கட்டப் போகிறார்கள். அதைச் சொல்லும்போது யாங் அம்மா அலுத்துக்கொண்டார், “தூரமாகிவிடும், தொந்தரவு” என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் சென்னையிலிருந்து சின்ன விமானம் வரும், திரும்பும். வெளிநாட்டு விமானம் எட்டிப் பார்க்காது. மற்ற நேரமெல்லாம் வேலிக்கு அப்பால் மயில் அகவும். மல்லி மொட்டு சாயங்காலமானால் யாரைக் கேட்டும் மலராது, தானே மலரும். அது மலருவதற்குள் கடல் தாண்ட வேண்டும். நாங்களோ அதைச் சென்னை வரைக்கும் வேனில் உருட்டிக்கொண்டு போகிறோம். இவருக்கு வீட்டு வாசலில் விமானம் நிற்கிறது, அது தொந்தரவாம். ரோல்ஸ் கடைசித் துண்டை அவருக்குக் கொடுக்காமல் நானே தின்றேன்.

சனிக்கிழமை குகன் தம்பியின் வேனில் மூன்று பேரும் விமான நிலையத்துக்குச் சரக்கு எடுக்கப் போனோம். யாங் அம்மாவின் பெட்டிகள் சொன்னது சொன்னபடி வந்திருந்தன. சரக்குக் கூடத்து வாசலில் வைத்தே ஒன்றைத் திறந்தார். ஒவ்வொரு ரோஜாவுக்கும் காகிதக் கழுத்துப்பட்டை. ஒரு இதழ் நசுங்கவில்லை. உள்ளேயிருந்து குளிர் வந்தது. வாசனை வரவில்லை. நான் குனிந்து நன்றாக மோந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். சுத்தமாக இல்லை. அந்த ஒரு ஆறுதலோடு என் பெட்டியைத் தேடினேன். என் பெட்டி வரவே இல்லை.

குகன் தம்பியின் கைபேசியில் போன் கார்டு நம்பரைத் தட்டிப் பாண்டியைப் பிடித்தேன்.

“எங்கடா சரக்கு?”

“சென்னையில இருக்குக்கா. நேத்து பிளைட்டுக்கு ஏத்த முடியல. வேன் போறதுக்குள்ள சரக்கு வாங்குறத முடிச்சுட்டாங்க. அடுத்த பிளைட்ல வருது.”

“ஏன்டா லேட்டு? பூ வரலையா?”

“பூ காலையிலயே வந்துருச்சுக்கா. ஐஸ் வச்சு பேக் பண்ணி பத்து மணிக்கெல்லாம் வேன்ல ஏத்தியாச்சு.”

“அப்புறம் என்னடா கேடு?”

பாண்டி குரலைத் தாழ்த்தினான். “நேத்து வெள்ளிக்கிழமைக்கா. பத்தரையிலருந்து பன்னெண்டு ராகு காலம். மார்க்கெட் கேட்டத் தாண்டுறதுக்குள்ள பத்தரை ஆயிரும் போல இருந்துச்சு. அதான் முடியட்டும்னு நிறுத்திட்டேன். நீதானக்கா சொல்லுவ, மொத தடவ போற சரக்கு ராகு காலத்துல கேட்டத் தாண்டக் கூடாதுன்னு. நீ லண்டன் கெளம்புனப்பகூட நேரம் பாத்துத்தான கெளம்புன?”

கடையைத் தொடங்கிய நாளிலிருந்து நான் போட்ட சட்டம் அது. அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறான். திட்டவும் முடியவில்லை.

குகன் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. என்ன நடந்தது என்று யாங் அம்மா கேட்டார். சொன்னேன். ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் கெட்ட நேரம், தினமும் வரும், கிழமைக்குக் கிழமை மாறும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “விமானத்துக்கு அது தெரியுமா?” என்றார். கேலிக்குக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அதனால் இன்னும் அதிகமாக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம். மணவறை முழுக்கக் குன்மிங் ரோஜா, பார்க்கக் கண் கொள்ளவில்லை. மணப்பெண் தலைக்கு மல்லி இல்லை. யாங் அம்மா தன் பெட்டியில் ஓரத்துக்கு வைத்திருந்த பொடி வெள்ளைப் பூவைக் கொடுத்தார், சும்மாவே கொடுத்தார். அதைக் கட்டிக் கொடுத்தது நான். பந்தியில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், “என்னடி, மல்லிகை இல்லாமல் பொம்பிளை? ஆஸ்பத்திரியில தலைக்குக் கட்டுப் போட்ட மாதிரிக் கிடக்கு” என்றது என் காதில் விழுந்தது. கத்தரிக்காய்க் குழம்பு மணத்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை என் பெட்டிகள் வந்தன. பூவெல்லாம் விரிந்து, பழுத்து, காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. குகன் தம்பி சொன்ன அவிச்ச கீரையேதான். குப்பைப் பையில் அள்ளிப் போட்டேன். ராஜி மட்டும் ஒரு கை எடுத்துச் சாமிப் படத்துக்கு வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் விவசாயிகளின் முகம்தான் கண்ணில் நின்றது. வெட்கத்தை விட்டுக் குகன் தம்பியிடம் போய் நின்றேன்.

“இன்னொரு தடவை பாருங்க தம்பி. இந்தத் தடவை ராகு வந்து வேனுக்குக் குறுக்க படுத்தாலும் ஏத்திட்டுப் போகச் சொல்றேன்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி அக்கா, பாப்பம். வாற சனிக்கிழமை எட்மண்டனில ஒரு சாமத்தியச் சடங்கு. மத்தியானம் தொடங்கி இரவு மட்டும் போகும். பூ கடைசி வரைக்கும் நிக்கோணும். அதுக்குப் பிறகு என்னால ஏலாது.”

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற யாங் அம்மா என்னிடம் வந்தார். “மதுரை, ஒன்று கேட்கட்டுமா? எங்கள் தேயிலைப் பூவையும் ஒரு பெட்டி வரவழைத்துப் பார்க்கட்டுமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீயில் போடுகிற பூ தலைக்கு வந்து நிற்குமா என்ற இளக்காரம். “தாராளமா கொண்டு வாங்க, பாப்போம்” என்றேன். என் வாயைத் தைத்தால் ஒழிய எனக்கு விடிவு இல்லை.

பாண்டிக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமை கிளம்ப வேண்டும், ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்காதே என்றேன். “நெசமாத்தான் சொல்றியாக்கா?” என்று மூன்று தரம் கேட்டான். சரக்கு ஒழுங்காகக் கிளம்பியது. விமானத்தில் ஏறியது. வெள்ளிக்கிழமையே லண்டனுக்கு வந்து சேர்ந்தது. அதே நாளில் குன்மிங் பெட்டியும் வந்தது. குகன் தம்பி இரண்டையும் குளிர் அறையில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை காலையில் கடையின் பின்கட்டில் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முதலில் என்னுடையது. மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க மணம். ராஜி, “ஐயோ கடவுளே” என்று கண்ணை மூடினாள். ஆனால் மல்லி முன்னாலேயே மணந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பாதிக்குமேல் வாய் திறந்துவிட்டது. ஐஸ் எப்போதோ கரைந்து தண்ணீராகியிருந்தது. பாண்டி மேல் தப்பில்லை, யார் மேலும் தப்பில்லை. அத்தனை தூரம் ஜூலை வெயிலில் வேனில் உருண்டால் மொட்டு வேறு என்ன செய்யும்?

அடுத்தது யாங் அம்மாவின் பெட்டி. திறந்தபோது மணம் வரவில்லை. உள்ளே மொட்டு. கொஞ்சம் குட்டை, காம்பு கொஞ்சம் தடிப்பு. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. சில்லென்று அரிசி மாதிரி கிடந்தது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். கல் மாதிரி கெட்டி.

குகன் தம்பி என்னையே பார்த்தார். “நீங்களே சொல்லுங்கோ அக்கா. இதில எனக்கு ஒண்டும் தெரியாது. எதைப் பிள்ளைக்கு வைக்கிறது?”

யாங் அம்மாவும் என்னையே பார்த்தார். மணக்கிற பெட்டியைக் காட்டி இதுதான் என்றால் யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். ஆர்டரும் அன்றைக்கே என் கையில் வந்திருக்கும். சாயங்காலம் அந்தப் பிள்ளையின் தலையில் பூ கருகித் தொங்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தராசு பிடித்த கை. எவ்வளவு வயிறெரிந்தாலும் வாடுகிற பூவை வாடாது என்று நான் விற்றதில்லை.

“அவங்களுதுதான்” என்றேன். “இப்பக் கட்டுனா சாயங்காலம் விரியும். என்னுது அதுக்குள்ள பழுத்துரும்.”

அங்கேயே உட்கார்ந்து அந்த மொட்டைக் கட்டத் தொடங்கினேன். வாழைநார் என்னுடையது. பூ அவருடையது. ராஜி பூ எடுத்துக் கொடுத்தாள். யாங் அம்மா என் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதையும் கற்றுக்கொண்டு போய்விடுவாரோ என்று கையைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன்.

எட்மண்டன் லண்டனுக்குள்ளேயே இன்னொரு பகுதி, அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபம். சாமத்தியச் சடங்கு என்பது நம் ஊர் மஞ்சள் நீராட்டுத்தான். பிள்ளை இங்கிலீஷில்தான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘மாமி’, ஒரு ‘அம்மம்மா’. பின்னலில் என் கையாலேயே சரத்தை வைத்து விட்டேன். மத்தியானம் முழுக்க மொட்டு அப்படியே இருந்தது. ஆலாத்தி எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள், படம் பிடித்தார்கள். பொழுது சாயச் சாய மொட்டு ஒன்றொன்றாக விரிந்தது. மணம் மெல்ல எழும்பி மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை போனது. எங்கள் மல்லியில் பாதிகூட வராது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அது பொய். நன்றாகவே மணந்தது. யோசித்துப் பாருங்கள் சங்கத்தாரே, அவர்களிடம் பூவும் இருக்கிறது, ஓடுபாதையும் இருக்கிறது. நம்மிடம் பூ மட்டும் இருக்கிறது. குளிர் அறை வேண்டும், வெளிநாட்டு விமானம் வேண்டும் என்று நாம் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அதிலேயே ஒரு மேடை கட்டலாம்.

பந்திக்கு முன் குகன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. கிழமை ஓடரை யாங்குக்குத்தான் குடுக்கப் போறன். நேரத்துக்கு வருது, மொட்டா வருது. நான் வேறை என்ன செய்ய?” சொன்னதில் குற்றமில்லை. சரி தம்பி என்றேன். ஊருக்குத் திரும்பிப் போய் அந்தக் கூடைக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் பிள்ளையின் தாய் வந்தார். பட்டுச் சேலை சரசரக்க வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஊரை விட்டு வந்து இத்தினை வருசத்தில இப்பிடி ஒரு பூ நான் இஞ்ச காணேல்லை. உங்கட கைக்குத்தான் நன்றி சொல்லோணும். மதுரை மல்லிகை எண்டா மதுரை மல்லிகைதான்!” சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும், “ஓம் ஓம், மதுரை மல்லிகை” என்றார்கள். பந்தி கூப்பிடுகிறது என்று போய்விட்டார்கள்.

யாங் அம்மா என் தோளைத் தொட்டார். “அந்த அம்மா உன் பெயரைச் சொன்னாரே? என்ன சொன்னார்?”

“என்னைச் சொல்லல. பூவைச் சொன்னாங்க. இது மதுரைப் பூன்னு நெனைக்கிறாங்க.”

அவர் குகன் தம்பியிடம் திரும்பினார். “கடையில் பலகை வைப்பீர்களே, அதில் குன்மிங் என்று எழுதுவீர்கள்தானே?”

குகன் தம்பி தலையைச் சொறிந்தார். இங்கிலீஷில் அவருக்குச் சொன்னதை என்னைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார். “மதுரை மல்லிகை எண்டுதான் போடுவன் அக்கா. வேறை பேர் போட்டா சனம் வாங்காது.”

யாங் அம்மாவின் முகம் சுண்டியது. கல் உருளை இழுத்த மாமனார், ஏலக்கூடம், குளிர் அறை, வரிசை கட்டின விமானங்கள், மலைப்பக்கம் வரப்போகிற புதுசு என்று எல்லாம் வைத்திருக்கிறவர். அத்தனையையும் தாண்டி வந்த பூவுக்கு என் ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் பின்னலையே பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. எதிர்க்கடையில் கூட்டம் நிற்கும்போது என் கல்லாப்பெட்டிக் கண்ணாடியில் தெரிகிற அதே முகம்.

நான் அவர் கையைப் பிடித்து, “வாங்க, பந்திக்குப் போவோம்” என்றேன். அவர் இலையைத் தொட்டதோடு சரி. சோறு இறங்கவில்லை.

எனக்கு இறங்கியது. பாயசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.